வெள்ளவத்தையில் லேசர் வென்றது, அக்கா!

வெள்ளவத்தை,
18.11.2007

பேரன்பும் அதைவிடப் பெரிய கோபமும் உடைய தமக்கையார் சிவக்கொழுந்து அவர்களுக்கு,

தம்பி நாகேந்திரத்தின் பணிவான வணக்கங்கள். நானும் பிள்ளை அருந்ததியும் இங்கே நல்ல சுகம். நீங்களும் அத்தானும் ஸ்காபரோப் பனியில் சறுக்கி விழாமல் சுகமாக இருக்க வேண்டுமென்று வெள்ளி தவறாமல் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து வருகிறேன். போன வெள்ளி உடைத்த தேங்காய் அழுகல். அது உங்கள் கணக்கில் உடைத்தது அல்ல, என்னுடைய கணக்கில் உடைத்தது என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன், ஆகையால் கவலைப்பட வேண்டாம்.

போன மாதம் தொலைபேசியில் நீங்கள் கதைத்த கதைக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் உங்களோடு தொலைபேசியில் கதைப்பதென்றால் "ஓம் அக்கா" என்று சொல்லவும் ஓர் இடைவெளி கிடைப்பதில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன். எங்கள் மாடிக்குக் கீழே இருக்கும் தங்கையா தன்னுடைய மகனைப் பார்க்க ரொறன்ரோவுக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்து விடுகிறேன். ஒரு தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக இருந்து வாசியுங்கோ. இது வெற்றிக் கடிதம், உங்களுக்குச் செமிக்க நேரம் எடுக்கும்.

நீங்கள் சொன்னது எனக்கு ஒரு சொல் பிசகாமல் நினைவிருக்கிறது. "தாயில்லாப் பிள்ளையை டொக்டருக்குப் படிப்பிச்சுப் போட்டு, கடைசியில ஊராற்ற மயிர் புடுங்க விட்டிருக்கிறியே, உனக்கு வெக்கமில்லையோடா? அந்தக் கடையை இழுத்துப் பூட்டிப் போட்டு அவளை இஞ்சால அனுப்பு. நான் பேசி வைச்ச கணக்காளர் மாப்பிள்ளைப் பெடியன் தை மாதம் மட்டும்தான் பாத்துக்கொண்டிருப்பான்." இதுதானே நீங்கள் சொன்னது? முதலில், அது கடை இல்லை, கிளினிக். இரண்டாவது, அங்கே யாரும் எதையும் புடுங்குவதில்லை. புடுங்கினால் காரியமே கெட்டுவிடும், அந்த வயிற்றெரிச்சலைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவது, களுபோவில ஆஸ்பத்திரியில் இராப்பகலாக நின்று, பிறகு சிங்கப்பூருக்குப் போய்த் தோல் வைத்தியத்தில் லேசர் படித்து வந்த பிள்ளையைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது? அவளைப் பெற்ற நேசமலர் உயிரோடு இருந்திருந்தால் உங்களோடு ஆயுசுக்கும் கதைத்திருக்க மாட்டாள்.

அக்கா, ஒளிக்காமல் சொல்கிறேன். நேசம் போன பிறகு இந்த வீட்டில் மனிதக் குரல் என்று கேட்பது அருந்ததியின் குரல் ஒன்றுதான். அவளையும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் என்ன, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவனோடு கதைத்துக்கொண்டு இருக்கவோ? அவளுக்கு இங்கேயே ஒரு வேலையும் ஒரு மதிப்பும் இருந்தால் அவள் போக மாட்டாள், இதுதான் என் ஒரே எண்ணம். அவளும் நேர்மையான பிள்ளை. "அப்பா, ஒரு வருசம் பாப்பம். கிளினிக் ஓடினால் நிப்பன். ஓடாட்டில் மாமியிட்டப் போறன், பேந்து என்னை மறிக்கக் கூடாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். அன்றைக்கே நான் அந்தக் கிளினிக்கின் ஸ்டேஷன் மாஸ்டராகப் பதவியேற்றுக்கொண்டேன். மாகோ சந்தி ஸ்டேஷனில் மூன்று பக்கத்து ரயிலையும் மோதாமல் விட்டவனுக்கு நாலு பொம்பிளைகளை வரிசையில் இருத்துவது ஒரு வேலையோ? அப்படித்தான் நினைத்தேன்.

முதல் யுத்தம் துறைமுகத்தில் நடந்தது. யந்திரம் கப்பலில் வந்து இறங்கியது, பெட்டியில் கொட்டை எழுத்தில் "லேசர்" என்று போட்டிருந்தது. சண்டை நடக்கும் இந்தக் காலத்தில், கொழும்பில், யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு ஒருவன் போய் "ஐயா, என்னுடைய லேசரை விடுங்கள்" என்று கேட்டால் எப்படி இருக்கும்? சாமான் விடுவிக்கும் அதிகாரி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மே மொகக்த?" என்றார், இது என்ன என்று. மயிர் போக்கும் யந்திரம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் தன்னுடைய மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து முகத்தை நீட்டினார். பிறகு இந்த வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும், எத்தனை மைல் என்று கேட்டார். அருந்ததி, "மூண்டு நாலு மில்லிமீற்றர், சேர்" என்றாள். மைலைக் கேட்டால் மில்லிமீற்றரைச் சொல்கிறாளே, எதையோ மறைக்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம் கூடிவிட்டது. பெட்டி திரும்ப உள்ளே போகப் பார்த்தது. அப்போதுதான் நான் சட்டைக் கையை மடித்து மேசையில் என் வலது கையை வைத்தேன். "இதிலை செய்து காட்டு பிள்ளை!" என்றேன். அங்கேயே யந்திரத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள், துவக்கோடு இரண்டு காவல்காரர் பக்கத்தில் நின்றார்கள், அருந்ததி என் முழங்கைக்குக் கீழே ஒரு சதுரத்தைச் சவரக் கத்தியால் வழித்துவிட்டு வெளிச்சத்தை அடித்தாள். ரப்பர் பட்டியால் சுண்டின மாதிரி ஒரு சுள், அவ்வளவுதான். அதிகாரி குனிந்து பார்த்தார். "மேக்க ஷேவ் கரலானே!" என்று கத்தினார். இது சவரம் செய்ததுதானே, மருதானையில் எந்தச் சலூனிலும் இதைச் செய்வானே என்கிறார்! லேசரின் பலன் உடனே தெரியாது, வேர் செத்து மயிர் உதிர இரண்டு கிழமை எடுக்கும் என்று பிள்ளை விளக்கினாள். அப்படியென்றால் இரண்டு கிழமைக்குப் பிறகு அந்தக் கையோடு வாருங்கள் என்றுவிட்டார்.

நான் விடுவேனோ? இரண்டு கிழமையா, ஒவ்வொரு திங்களும் போனேன், அக்கா. வெள்ளவத்தையில் ரயிலேறிக் கோட்டையில் இறங்கி, வாசலில் சோதனை, உள்ளே சோதனை, எல்லாம் முடிந்து அதிகாரியின் மேசையில் கையை வைப்பேன். முதல் திங்கள் எல்லாம் முளைத்திருந்தது. "ஆ!" என்றார் அவர். அது முளைத்தது இல்லை சேர், செத்தது வெளியே வருகிறது என்று பிள்ளை சொல்லித் தந்ததை ஒப்புவித்துவிட்டு வந்தேன். அடுத்த திங்கள் சதுரம் உதிர்ந்து வெளித்துவிட்டது. அதற்கடுத்த திங்கள் சுற்றிவரப் புல்லுக்காடு, நடுவில் முத்திரை ஒட்டின மாதிரி ஒரு சதுரம், வழவழ என்று பளிங்கு! கந்தோர் முழுவதும் எழும்பி வந்துவிட்டது. "அத்த பென்னன்ன மாத்தயா, அத்த பென்னன்ன" என்று கையைக் காட்டச் சொல்லி ஒருவர் மாறி ஒருவர் தடவிப் பார்த்தார்கள். மேல்மாடியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து தடவினார். அவருடைய முதுகில் கரடி மாதிரி இருக்கிறதாம், அதற்கும் பிடிக்குமோ என்று காதோடு காதாகக் கேட்டார். பெட்டி அன்று பின்னேரமே வெளியே வந்துவிட்டது. நாட்டுக்கு ஆபத்தில்லை என்று நிரூபித்தது யாருடைய கை? உங்கள் தம்பியின் கை.

இந்த இடத்தில் விஞ்ஞானத்தையும் நீங்கள் கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும். முந்திய லேசர் எல்லாம் வெள்ளைக்காரத் தோலுக்குச் செய்தது. அந்த வெளிச்சம் கறுப்பைத் தேடிப் போய்ச் சுடும். வெள்ளைத் தோலில் கறுப்பாக இருப்பது மயிர் ஒன்றுதான், ஆகவே வேலை சுலபம். எங்கள் தோலில் அது எங்கே போய்த் தேடும்? எது தோல், எது மயிர் என்று தெரியாமல் எல்லாவற்றையும் சேர்த்துப் பொசுக்கிவிடும். அருந்ததியின் யந்திரம் புதுச் சாதி. இதனுடைய அலை நீளம், மேல் தோலில் மினைக்கெடாமல் நேரே வேருக்குப் போகும், சின்ன ஸ்டேஷனில் நிற்காத யாழ்தேவி ரயில் மாதிரி. அதோடு முனையிலிருந்து குளிர்க்காற்று வேறு ஊதித் தோலைக் காப்பாற்றும். கறுத்தத் தோல்காரருக்கென்று விஞ்ஞானம் ஒரு தரமாவது யோசித்திருக்கிறது, அதைப் போய்க் கடை என்கிறீர்களே!

அடுத்தது இரண்டாம் யுத்தம். கிளினிக்கைக் காலி வீதிப் பக்கமாக ஓர் ஒழுங்கையில், ஹபீலா என்ற முஸ்லிம் பிள்ளை நடத்தும் அழகு நிலையத்துக்கு மேல்மாடியில் திறந்தோம். ஹபீலா கீழே நூலால் புருவம் எடுப்பாள், மீசை எடுப்பாள். மேலே நாங்கள் நிரந்தரமாக எடுத்துவிட்டால் அவளுடைய பிழைப்பு என்ன ஆவது? ஆகவே படியேறும்போது என்னைப் பார்த்து ஒரு முறைப்பு. முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. பிறகு வரத் தொடங்கினார்கள், முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து இராமலெட்சுமி என்று ஒரு செட்டியார் வீட்டு அம்மா, மகளைக் கூட்டிக்கொண்டு காரில் வந்தார். எல்லாரும் வந்தார்கள், படுத்தார்கள், வெளிச்சம் வாங்கினார்கள், போனார்கள். மூன்று முறை, நாலு முறை ஆயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் உதிரவில்லை, அக்கா! எல்லாம் முளைத்த பாட்டில் முளைத்துக்கொண்டிருந்தது. செட்டியார் வீட்டு அம்மா ஒரு நாள் வந்து என் மேசைக்கு முன்னால் நின்று, "ஏங்க, டார்ச் லைட்ட அடிச்சு அடிச்சு அனுப்புறீகளே, இதுக்கு நாங்க வெயில்ல நின்னுருக்கலாமே!" என்று கேட்டார். அருந்ததி அன்று சாப்பிடவில்லை. யந்திரத்தைக் கழற்றிப் பூட்டினாள், சிங்கப்பூருக்கு எடுத்துக் கேட்டாள், கண்ணெல்லாம் சிவந்து போய், "அப்பா, மாமி அப்பவே சொன்னது சரிதான் போல" என்றாள். உங்களுக்கு அப்போது விக்கல் எடுத்திருக்க வேண்டும், அவ்வளவு திட்டினேன்.

விசயம் என்னவென்று பிறகுதான் பிடிபட்டது. லேசருக்கு வருகிறவர்கள் நூலாலோ மெழுகாலோ வேரோடு எடுத்துவிட்டு வரக் கூடாது. வேர் உள்ளே இருந்தால்தான் வெளிச்சம் அதைப் பிடித்துச் சுடும். மேலே மட்டும் கத்தியால் வழித்துவிட்டு வர வேண்டும். இதை ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடச் சொல்லி அருந்ததி என்னிடம்தான் பொறுப்புத் தந்திருந்தாள். ஆனால் நீங்களே சொல்லுங்கோ, நல்ல குடும்பத்துப் பொம்பிளை ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறார். நான், அறுபது கடந்த ஆம்பிளை, "பிள்ளை, வீட்டை போய் மீசையைச் சவரம் செய்துகொண்டு வா" என்று எந்த வாயால் சொல்வது? அதுவும் பல்லு விளக்காமல் பல் டொக்டரிடம் போகாத சனம் நாங்கள். வீடு கூட்டாமல் வேலைக்காரியைக்கூட உள்ளே விட மாட்டோம். ஆகவே நான் மரியாதையாக, "கீழை ஹபீலாவிட்டைப் போய் வடிவாய்த் துப்புரவாக்கிக்கொண்டு மேலை வாங்கோ" என்று ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தேன். ஹபீலா நூலைப் பல்லில் கடித்து ஒரு வேர் மிச்சமில்லாமல் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். மேலே பிள்ளை வெறுந்தோலுக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் இவையளைக் கீழை அனுப்பினது?" என்று அருந்ததி ஒரு நாள் கத்தினாள். நான் பேப்பரை விரித்து முகத்துக்கு முன்னால் பிடித்தேன். அவள் ஹபீலாவைக் கூப்பிட்டு விசாரித்தாள். "வாப்பாவாண, என்னக் குத்தம் சொல்ல ஏலா டொக்டர். மாஸ்டர்தான் ஒவ்வொருத்தரா அனுப்புறாரு. நல்ல மனுசன், என்ட பொழப்புக்கு உதவுறாரெண்டு நானும் ரெண்டு தரம் கஞ்சி கொண்டந்து குடுத்தேன்" என்றாள். கஞ்சி நல்ல கஞ்சி, அதை நான் மறுக்கவில்லை. பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆனால் அந்த இடத்திலும் நான் சும்மா இருக்கவில்லை. "அப்ப ஹபீலாவையே மேலை வேலைக்கு எடு. நூலைக் கீழை வைக்கட்டும், கத்தியோடு மேலை வரட்டும். பொம்பிளைக்குப் பொம்பிளை சொன்னால் கேப்பினம்" என்றேன். அக்கா, அதுதான் திருப்பம்! கத்தி பட்டால் மீசை தடிக்கும் என்று அழுத பெண்களை ஹபீலா தாடையில் பிடித்து, "சும்மா இருங்க ராத்தா, தடிச்சா நான் பொறுப்பு" என்று வழித்து உள்ளே அனுப்பினாள். அடுத்த மாதமே உதிரத் தொடங்கியது. செட்டியார் வீட்டு அம்மா மகளோடு வந்தார். அந்தப் பிள்ளை முதல் முறையாக முந்தானையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தபோது நான் எழும்பி நின்றுவிட்டேன். அந்தச் சிரிப்பைக் கண்டிருந்தால் நீங்கள் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நானும் என் காதுகளைக் கொடுத்தேன். என் காதில் முளைத்திருந்தது உங்களுக்குத் தெரியும், எங்கள் ஐயாவுக்கும் அப்படித்தான். கறுப்பெல்லாம் போய்விட்டது. நரைத்தது ஒன்றும் போகவில்லை, ஏனென்றால் வெளிச்சத்துக்கு நரை கண்ணில் படாதாம். இப்போது இரண்டு காதிலும் வெள்ளைக் கற்றை மட்டும் பூத்து நிற்கிறது. பத்து வயது கூடின மாதிரி இருக்கிறதாம், சோதனைச் சாவடியில் என்னை இப்போது யாரும் மறிப்பதில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் நாடியில் இருக்கும் அந்த நாலைந்து மயிரை நரைக்க முதல் கொண்டு வாருங்கோ. பிந்தினால் விஞ்ஞானமும் கைவிட்டுவிடும்.

இனி மகுடம். எங்கள் ஒழுங்கை முகப்பில் இருக்கும் சோதனைச் சாவடியில் ஒரு பொலிஸ் நங்கி, அதுதான் சிங்களத்தில் தங்கச்சி, நிற்கும், பொம்பிளைகளைத் தடவிச் சோதிக்கிற சிங்களப் பிள்ளை. இரும்பு முகம். அருந்ததியின் கைப்பையைத் தினமும் கொட்டிக் கிண்டும். ஒரு நாள் பையிலிருந்து லேசருக்குப் போடும் கறுத்தக் கண்ணாடி விழுந்தது. இது எதற்கு என்று கேட்டது. அருந்ததி சொன்னாள். அந்தப் பிள்ளை நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "தொஸ்தர நோனா, மகேத்?" என்று தன் மேலுதட்டைத் தொட்டுக் காட்டியது. என்னுடையதும் போகுமோ என்று! அடுத்த ஞாயிறு சாதாரணப் பாவாடை சட்டையில் படியேறி வந்தது. தினமும் எங்களைக் கையைத் தூக்கச் சொன்ன பிள்ளை எங்கள் படுக்கையில் கண்ணாடி போட்டுக்கொண்டு, பயத்தில் ஹபீலாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடந்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு இரண்டு சிநேகிதிகளைக் கூட்டி வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசலில் பொலிஸ் செருப்புகள் கிடக்கின்றன. என்னை "அங்கிள்" என்கிறது. சாவடியில் அருந்ததியின் பையைத் திறப்பதுமில்லை. கொட்டாஞ்சேனை, கொம்பனித்தெரு, களுபோவில என்று எல்லா இடத்திலிருந்தும் வருகிறார்கள், தை முடியும்வரை இடமில்லை என்று நான் வாயால் சொல்லி அனுப்புகிறேன், அதைச் சொல்லும்போது வருகிற சுகமே தனி.

ஆகவே, அக்கா, முடிவு இது. கிளினிக் ஓடுகிறது. சொன்ன சொல்லின்படி பிள்ளை இங்கேதான் நிற்பாள். கணக்காளர் பெடியனுக்கு வேறு நல்ல இடம் பாருங்கோ. இனி அவளைக் கனடாவுக்குக் கூப்பிடும் கதையை எடுக்க வேண்டாம். எடுத்தால் நான் தொலைபேசியை வைத்துவிடுவேன், அல்லது குறைந்தது வைக்க யோசிப்பேன்.

அத்தானின் முழங்கால் நோவுக்கு என் அனுதாபங்கள். அவருக்கும் உங்களுக்கும் சகல சௌபாக்கியங்களும், பனி குறைந்த ஒரு மார்கழியும், தோல்வியை ஏற்கும் பெரிய மனமும் வாய்க்க வேண்டுமென்று வேண்டி நிற்கும்,

உங்கள் அன்புத் தம்பி,
நாகேந்திரம்.

பி.கு. (20ஆம் திகதி)

அக்கா, மேலே உள்ளது முந்தாநாள் எழுதியது. கிழித்துப் போட மனம் வரவில்லை, வாசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரியுங்கோ.

இன்று காலை பொலிஸ் நங்கி வந்தது. சீருடையோடு வந்தது. அருந்ததி உள்ளே ஆளைப் படுக்கவைத்து வேலை செய்துகொண்டிருந்தாள். என்னை மாடிப்படியில் கூப்பிட்டு, மெல்லமாகச் சொன்னது. எங்கள் ஒழுங்கைகளைச் சுற்றி வளைக்கப் போகிறார்களாம், யாழ்ப்பாணத்து அட்டை வைத்திருக்கிற இளம் ஆட்களைப் பிடித்து ஏற்றுவார்களாம், பொம்பிளைகளையும். எங்கே கொண்டு போவார்கள் என்று தனக்கே தெரியாதாம். "துவ யவன்ன, அங்கிள். இக்மனட்ட" என்றது. மகளை அனுப்பிவிடுங்கோ, கெதியாக என்று. சொல்லிவிட்டு, யாரும் பார்க்கிறார்களோ என்று ஒழுங்கையை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. அருந்ததியில் அதற்கு அவ்வளவு பற்று வந்துவிட்டது. இல்லாவிட்டால் தன் வேலையைப் பணயம் வைத்து வந்து சொல்லுமோ?

தொலைபேசியில் இதைக் கதைக்கப் பயமாயிருக்கிறது, யார் கேட்கிறார்களோ. தங்கையா இன்றிரவு விமானம் ஏறுகிறார். அக்கா, அவளைக் கனடாவுக்கு எடுக்கிற அந்தக் கடுதாசி அலுவல்களை நீங்கள் இன்னும் கைவிடவில்லைத்தானே? கணக்காளர் பெடியன் வேறு கலியாணம் முடித்துக்கொண்டு போயிருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைக்கு உங்கள் வீட்டில் ஓர் அறை இருந்தால் போதும். அவள் இப்போது நான் சொன்னால் போக மாட்டாள், ஓடினால் நிற்பேன் என்ற கிளினிக்கை ஓட்டிக் காட்டிவிட்டேனே. சுற்றிவளைப்பைச் சொன்னாலோ, என்னைத் தனியே விட்டுவிட்டு அசையவே மாட்டாள். நீங்கள்தான் தொலைபேசி எடுத்து, உங்களுக்கு ஒன்றும் தெரியாத மாதிரி, அவளை ஏசிக் கூப்பிட வேண்டும். நல்லாய் ஏசுங்கோ. நான் வழக்கம்போலப் பக்கத்தில் நின்று, "விடமாட்டேன்" என்று கத்துவேன். அதைக் காதில் போடாதேங்கோ, அக்கா.